எடுக்கப்படாத தாள்கள்

ஆறு மணிக்குப் பதிவு திறக்கும்.
ஐந்தே முக்காலிலிருந்து
சலவை இயந்திரத்தின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு
நின்றபடியே இருக்கிறேன்.
எங்கள் விடுதியில் இணையம் ஒழுங்காக வருவது
இந்த அடித்தளத்தில் மட்டும்தான்.
வெளியே சுப்பீரியர் ஏரியின் மேல் பனிக்கட்டி,
உடைவதா இருப்பதா என்று
ஏப்ரலிலும் முடிவெடுக்காமல் கிடக்கிறது.

கரிம வேதியியல். மூன்று பிரிவுகள்.

முதல் பிரிவு ஹால்கிரிம்சன்.
போன வருடத்துக் கேள்வியையே
எண்ணைக்கூட மாற்றாமல் இந்த வருடமும் கேட்பாராம்.
பாதிப் பேர் வகுப்பில் தூங்குவார்கள்.
மீதிப் பேர் தங்கள் கட்டிலில்.

இரண்டாவது, ஓல்ஷெவ்ஸ்கி அம்மா. காலை எட்டு மணி.
வலக்கையால் எழுதிக்கொண்டே
இடக்கையால் அழித்துக்கொண்டு போவாராம்.
நாற்பது பேர் சேர்ந்தால்
கடைசியில் இருபத்திரண்டு பேர் மிஞ்சுவார்களாம்.
இதையெல்லாம் எனக்குச் சொன்ன வில்லார்ட்
இப்போது வணிகவியல் படிக்கிறான்.

மூன்றாவது பிரிவுக்குப் பெயரே இல்லை.
ஆசிரியர்: பின்னர் அறிவிக்கப்படும்.
என் அறைத்தோழி பாஹுவாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.
இதுவரை அவரைப் பற்றி
ஒருவர்கூடக் கெட்டதாகச் சொல்லவில்லையாம்.

எனக்கு மருந்தியல் கல்லூரி வேண்டும்.
அதற்கு மதிப்பெண் வேண்டும்.
சராசரி மூன்று புள்ளி இரண்டுக்குக் கீழே இறங்கினால்
உதவித்தொகை நின்றுவிடும்.
வேதியியல் தெரியுமா என்று
அந்த விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்திலும் கேட்கவில்லை,
தேடிப் பார்த்துவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம்
அறிவியல் கட்டடத்தின் நான்காம் மாடிக்குப் போனேன்.
பூட்டிய கதவுகள்.
ஒவ்வொரு கதவுக்கும் வெளியே ஓர் அட்டைப்பெட்டி,
யாரும் வந்து வாங்கிக்கொள்ளாத விடைத்தாள்களுக்கு.
செய்யக்கூடாததுதான்.
செய்தேன்.

ஹால்கிரிம்சனின் பெட்டியில்
தாளுக்கு ஓர் எண், வட்டம் போட்டு.
எண்பத்தெட்டு. தொண்ணூற்றொன்று. எண்பத்தெட்டு.
பழக்கடையில் விலை ஒட்டியதுபோல.

ஓல்ஷெவ்ஸ்கியின் பெட்டியில் பச்சைப் பென்சில்.
“மூன்றாம் வரிவரை சரி. நான்காவதில் பயந்துவிட்டாய்.”
“இந்த அம்புக்குறி எலக்ட்ரானைக் கேட்காமலே வளைகிறது.”
“தப்பு. ஆனால் எனக்குத் தோன்றாத தப்பு.”
எல்லாவற்றுக்கும் அடியில்
டேல் கிவெலா என்றொருவன்.
முப்பத்தொன்று.
முதல் பக்கம் மட்டும் எழுதியிருந்தான்,
பிறகு ஐந்து பக்கம் வெள்ளை.
ஆறாவதின் மூலையில் அதே பச்சை:
“வியாழன் நாலு மணிக்கு வா.
தூங்கிவிட்டு வா.”
தேதி அக்டோபர்.

தாளை வாங்கவே வராதவனுக்கு
இப்படி ஒரு வரி இருப்பது எப்படித் தெரியும்?
எத்தனை வியாழன் அந்தக் கதவு
நாலு மணிக்குத் திறந்திருந்ததோ.

ஆறு மணி.
இரண்டாவது பிரிவை அழுத்தினேன்.
திரையில் வட்டம் சுற்றியது.
கீழே இயந்திரத்தில் யாருடைய போர்வையோ சுற்றியது.

இடம் நிரம்பிவிட்டது.
காத்திருப்போர் வரிசையில் உங்கள் எண்: ஐந்து.

நிரம்பிவிட்டதா!
அந்த எட்டு மணிக்கு, அந்த அம்மாவிடம், நாற்பது பேரா!
அப்படியென்றால் அட்டைப்பெட்டியைக் கிளறியவள்
இந்த ஊரில் நான் ஒருத்தி இல்லை.

ஹால்கிரிம்சனிடம் இரண்டு இடம் இருந்தது.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று.
விரல் அதன் மேலேயே நின்றது.
“அழுத்து, அழுத்து” என்று படியிலிருந்து பாஹுவா.

அப்போதுதான் கணக்குப் போட்டேன்.
நாற்பதில் இருபத்திரண்டு மிஞ்சினால்
பதினெட்டுப் பேர் ஓடிப்போவார்கள்.
எனக்கு ஐந்து பேர் போதும்.
முதல் தேர்வுக்கு முன்பே ஐந்து பேர் போய்விட்டால்
உள்ளே உட்கார்ந்துவிடுவேன்.

கழித்து முடித்து
மடிக்கணினியை மூடிய பிறகுதான் உறைத்தது,
போன வருடத்துப் பதினெட்டில் ஒன்று
டேல் கிவெலா.

நேற்று அவன் தாளை
நான் எடுத்த இடத்தில் வைக்கவில்லை.
எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டு வந்தேன்,
கடைசிப் பக்கம் வெளியே தெரியும்படி.